எதிர்க் கட்டடத்து லட்சுமி

எனக்கு விரோதின்னு யாரும் இருந்ததில்லீங்க. விரோதி வேணும்னா அதுக்கும் ஒரு தகுதி வேணுமில்ல? அடுத்தவன் வயிறு எரியற மாதிரி நம்மகிட்ட ஏதாச்சும் இருக்கோணும். எனக்கு இருக்கறது திருப்பூர் ராயபுரத்துல ஒரு பழைய ஊடு, அதுக்குப் பின்னால தகரம் போட்ட ஒரு ஷெட்டு, எனக்கு முன்னால ஒரு தொப்பை. இதைப் பாத்து எவன் பொறாமைப்படுவான்?

அப்படிப்பட்ட எனக்கு அம்பது வயசு தாண்டின பொறகு ஒட்டுக்கா ஆயிரக்கணக்குல விரோதிங்க வந்து சேந்தாங்க. அத்தனை பேரும் பொம்பளைங்க. கொட்டற தேனீ எல்லாமே பொட்டைதான்னு எனக்குப் பின்னாடிதான் தெரியும். தெரிஞ்சப்போ ஆச்சரியப்படலை. கல்யாணமாயி இத்தனை வருசம் ஆச்சு.

அவங்க என்ற பொண்டாட்டியக் கொல்லப் பாத்தாங்க. அதனால அவங்களை நான் இன்னும் மன்னிக்கலை. மன்னிக்கற ரோசனையும் இல்லை.

என்ற தொழிலைச் சொல்லிப்போடறேன், இல்லைன்னா மத்தது புரியாது. நான் கறை எடுக்கறவன். பனியன் கம்பெனில தச்சு முடிச்ச பீஸ்ல எண்ணெய்க் கறை, மெஷின் அழுக்கு ஏதாச்சும் இருந்தா செக்கிங்ல தனியா எடுத்து வெச்சிருவாங்க. அது மூட்டையா என்ற ஷெட்டுக்கு வரும். ஸ்பாட் கன்னுன்னு ஒண்ணு இருக்குது, துப்பாக்கி மாதிரியே இருக்கும். அதுல லிக்விட ஊத்தி, கறையக் குறி பாத்து சுர்ருன்னு அடிச்சா கறை ஓடிரும். நாளெல்லாம் துப்பாக்கியோட நிக்கறவன், ஆனா ஒரு கொசுவைக்கூட சுட்டதில்லை.

நான் வாங்கற லிக்விடுக்கு ஒரு வாசம் உண்டு. நல்லாப் பழுத்த வாழைப்பழ வாசம். கை, சட்டை, மீசை எல்லாத்துலயும் ஏறிக்கும். சாயங்காலம் நான் வாசப்படி மிதிச்சாலே என்ற ஊட்டுக்காரி உள்ள இருந்து குரல் குடுப்பா: "பழக்கடை வந்துருச்சு!" நானும் அதைக் கொஞ்சலுன்னு எடுத்துக்கிட்டு இத்தனை காலம் ஓட்டிட்டேன்.

எங்க ஊட்டுக்கு நேர் எதுத்தாப்பல நாலு மாடிக் கட்டடம். எக்ஸ்போர்ட் கம்பெனி. ஓனரு என்னைவிடப் பெரியவரு, வெள்ளைச் சட்டை, நெத்தி நெறைய திருநீறு, பேச்சுல அப்பிடி ஒரு மரியாதை. நாயைக்கூட "அக்கட்டால போங்க"ன்னு சொல்லுவாரு. போன வருசம் பங்குனில, ஊரெல்லாம் வேப்பம்பூ உதுர்ற சமயம், அவரு கட்டடத்து மூணாவது மாடி சன்ஷேடுக்கு அடியில பெருந்தேனீ வந்து தொங்குச்சு. மொதல்ல யாரோ கருப்புத் துண்டைக் காயப்போட்டிருக்காங்கன்னுதான் நெனச்சேன். பத்து நாள்ல அந்தத் துண்டு ஜமுக்காளமாயிருச்சு.

இதுல கெரகம் என்னன்னா, அதே வாரத்துல அவருக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்து சேந்துச்சு. சரக்கு வாங்கற வெளிநாட்டு பையரு, நாலு வருசமா இழுத்தடிச்சவரு, ஓகேன்னு மெயில் போட்டுட்டாரு. தேனீ கட்டினா ஐஸ்வர்யம்னு நம்ம பக்கம் சொல்லுவாங்கல்ல, அவரு அதை அப்பிடியே புடிச்சுக்கிட்டாரு. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை கட்டடத்துக்கு அடியில நின்னு கூட்டைப் பாத்துப் பூஜை. தேங்கா, மணி, ஒரு தட்டு நெறைய சாம்பிராணி. கம்பெனி ஸ்டாஃப் பத்துப் பேரு கையைக் கட்டிக்கிட்டு அண்ணாந்து நிப்பாங்க. தேனீய அண்ணாந்து பாத்துக் கும்பிட்ட ஜனம் ஒலகத்துலயே திருப்பூர்லதான் இருக்கும்.

பெருந்தேனீக்குப் புகை ஆகாது. சத்தம் ஆகாது. கீழ இருந்து எது மேல வந்தாலும் அது சண்டைக்குத்தான் வருதுன்னு எடுத்துக்கும். இதெல்லாம் இப்ப நான் சொல்றேன். அப்ப எங்க தெருவுல ஒருத்தனுக்கும் தெரியாது.

மூணாவது வெள்ளிக்கெழமை பூஜை. புகை நல்லா அடர்த்தியா மேல போகுது, மணி அடிக்கறாங்க. நான் ஷெட்டுல இருந்து எந்திரிச்சு டீ குடிக்கலாம்னு தெருவுக்கு வந்தேன். அம்புட்டுத்தான் நான் செஞ்சது. பூஜைத் தட்டுக்காரரை விட்டுட்டு, மணி அடிச்சவரை விட்டுட்டு, தேங்கா உடைச்சவரை விட்டுட்டு, ஒண்ணு நேரா வந்து என்ற காதுக்குப் பின்னால கொட்டுச்சு. நான் பளார்னு அடிச்சேன். அது செத்துச்சு. அதை அடிச்சதுதான் தப்பு. ஒண்ணை நசுக்கினா மத்ததெல்லாம் துக்கம் கேக்க வரும்னு எனக்கென்ன தெரியும்?

வந்தாங்க. நான் ரெண்டு கையையும் சாமி வந்தவன் மாதிரி ஆட்டிக்கிட்டு வெசையா ஊட்டுக்குள்ள ஓடினேன். ஓடினா கதவைச் சாத்தோணும்ங்கிற அறிவு எனக்கு இல்லை. பொண்டாட்டி ஈரத் துண்டை எடுத்துக்கிட்டு ஓடி வந்து என்ற மேல அடிக்கறா, தேனீய அடிக்கறாளா என்னைய அடிக்கறாளான்னு தெரியலை, ரெண்டும் சேத்துதான்னு நெனைக்கறேன். அவளுக்கு கழுத்துல ஒண்ணு, கையில ஒண்ணு, உதட்டுல ஒண்ணு. ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்தின பொறகு கையை மோந்து பாத்துட்டுச் சொன்னா:

"ஏனுங்க, இது கொட்டுன எடத்துல உங்க கன்னு வாசம் அடிக்குதுங்க."

"இப்பவுமா என்னையக் கிண்டல் பண்ணோணும்?"ன்னு கேட்டேன்.

அவ கட்டிலைப் புடிச்சுக்கிட்டா. "கண்ணு இருட்டிட்டு வருதுங்க"ன்னா. உதடு வீங்கி மூக்கு வரைக்கும் ஏறுது. மூச்சு விட்டா விசில் மாதிரி சத்தம். ஒடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பா செவந்துருச்சு. எனக்கு அவளைவிட எச்சா கொட்டியிருந்துச்சு. நான் கத்திக்கிட்டு இருக்கேன், எப்பவும் கத்தற அவ சத்தமில்லாம சாயறா. ஆட்டோல அவ தலை என்ற தோள்ல இருந்துச்சு. ஆஸ்பத்திரி போறவரைக்கும் நான் அவளை ஒவ்வொரு நிமிசமும் ஏதாச்சும் கேட்டுக்கிட்டே இருந்தேன், கேஸ் அடுப்பை அணைச்சியா, பாலை மூடினியான்னு. பதிலுக்கு என்ற கையை ஒரு தடவை கிள்ளினா. அந்தக் கிள்ளல் வர்றவரைக்கும் நான் உசுரோட இல்லைங்க.

டாக்டரம்மா சின்ன வயசு. ஊசி போட்டு, மூச்சு சீராகற வரைக்கும் பக்கத்துலயே நின்னாங்க. அப்பறம் என்னைய வெளிய கூப்பிட்டாங்க.

"இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா நான் உங்ககிட்ட வேற மாதிரி பேசிட்டு இருந்திருப்பேங்க. இவங்க ஒடம்புக்குத் தேனீ விஷம் ஆகாது. அடுத்த தடவை ஒண்ணு கொட்டினாக்கூட இதைவிட மோசமாப் போகலாம். மூச்சு வாங்கினா, தலை சுத்தினா, வீட்டு வைத்தியம் பண்ணிட்டு இருக்காதீங்க, நேரா இங்க வந்துருங்க. வர்றதுக்கு அது டைம் குடுக்குமான்னு என்னால சொல்ல முடியாது. கூடு எங்க இருக்குது?"

"ஊட்டுக்கு எதுத்தாப்பலங்க."

"அப்ப ஒண்ணு அது போகோணும், இல்ல நீங்க போகோணும்."

அன்னைக்கு ராத்திரியே அவளுக்கு எங்க ஊடு ஜெயிலாயிருச்சு. விளையாட்டு ஜெர்சிக்குப் போடற, வலை மாதிரி இருக்கற மெஷ் துணிய ஜன்னலுக்கெல்லாம் நானே அடிச்சேன். துணி காயப்போட மாடிக்குப் போக முடியாது. காய்கறி வண்டிக்காரரு வந்தா மெஷ்ஷுக்கு உள்ள இருந்து "கத்திரிக்கா நல்லா இருக்குதுங்களா?"ன்னு கேப்பா. அவரு மனு குடுக்க வந்தவரு மாதிரி ஜன்னலுக்குக் கீழ நிப்பாரு. கொமரலிங்கத்துல அவங்க அம்மா ஊட்டுக்குக் கொஞ்ச நாளைக்குப் போயிட்டு வான்னு சொன்னேன்.

"அங்க தென்னந்தோப்புல இந்தத் தேனீயோட பெரியம்மாவே கூடு கட்டி இருக்கறா. அதுவுமில்லாம நான் எதுக்குங்க போகோணும்? நான் வாக்கப்பட்டு வந்து இருபத்தஞ்சு வருசமாச்சு. அவ வந்து ஒரு மாசமாகலை."

அந்தப் பேச்சுலதான் எனக்குள்ள என்னமோ பத்திக்கிச்சு. எதிர்க் கட்டடத்துக்குப் போனேன். ஓனரு எந்திரிச்சு நின்னு வரவேத்தாரு.

"வாங்க தம்பி, உக்காருங்க. சம்சாரத்துக்கு எப்பிடி இருக்குதுங்க? கேள்விப்பட்டேன், மனசே சரியில்லீங்க."

"ஏனுங்ணா, அந்தக் கூட்டை எடுத்துருங்ணா. இன்னொரு தடவை கொட்டினா உசுரு தங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க."

"அட, என்னங்க தம்பி இப்பிடிப் பேசறீங்க? லட்சுமி தானா வந்து உக்காந்திருக்குது. நானாப் போயி வெரட்டறதா?"

"லட்சுமி என்ற சம்சாரத்தைக் கொட்டிப்போட்டுதுங்ணா."

"நாங்க பத்துப் பேரு அடீலயே நின்னமுங்க. ஒருத்தரைத் தொட்டுதுங்களா? அதுக்குத் தெரியுமுங்க, யாரு எப்பிடின்னு." சொல்லிப்போட்டு என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. "நீங்க ஏதோ பண்ணியிருக்கோணுமுங்க. வார்த்தை கீர்த்தை வுட்டீங்களோ என்னமோ."

அங்க வர்றதுக்கு முன்னாலயே தீயணைப்புக்காரங்களுக்கும் போன் பண்ணியிருந்தேன். கட்டடத்துக்காரரு சொன்னா வர்றோம்னு சொன்னாங்க. கட்டடத்துக்காரரு லட்சுமின்னு சொல்றாரு. நான் எந்திரிச்சேன். அப்பதான் அவரு மேசைக்குக் கீழ குனிஞ்சு ஒரு பாட்டிலை எடுத்து என்ற கையில வெச்சாரு. தேன். கடையில வாங்கின தேன், ஸ்டிக்கர்கூடக் கிழிக்கலை.

"சம்சாரத்துக்குக் குடுங்க தம்பி. ஒடம்புக்கு நல்லதுங்க."

இத்தனை மரியாதையா ஒருத்தன் ஒருத்தனை செருப்பால அடிச்சு நான் பாத்ததில்லை. நான் நன்றின்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன். அதுதான் எனக்கு இன்னைக்கும் ஆறலை. எங்க பேச்சே அப்பிடி ஆயிப்போச்சு, வயிறு எரிஞ்சாலும் வாயில 'ங்க' போட்டுத்தான் வரும்.

பொண்டாட்டி பாட்டிலைப் பாத்தா. "இதையும் வாங்கிட்டு வந்தீங்களா?"

அந்தப் பாட்டிலைப் பிரிக்காம ஃப்ரிட்ஜ் மேல வெச்சேன். தினம் காத்தால எந்திரிச்சதும் அதைப் பாப்பேன். சில பேரு சாமி படத்தைப் பாப்பாங்க.

பழி வாங்கறதுன்னு முடிவு பண்ணினேன். கூட்டை ஒழிக்கோணும், அவரு மூஞ்சி தொங்கறதைப் பாக்கோணும். போருக்கு மொதல்ல கவசம் வேணும். பக்கத்து லைன் ஊட்டுல ஒரு டெய்லர் அம்மா இருக்காங்க, தூத்துக்குடிப் பக்கம், வாய் மெஷினைவிட வேகம். ஒரு கம்பெனில ரிஜெக்ட் ஆன கருநீல ஃப்ளீஸ் துணி, உள்பக்கம் வெளிப்பக்கம் ரெண்டும் பூனை முதுகு மாதிரி மெத்து மெத்துன்னு. அதை எடுத்துக்கிட்டுப் போயி கழுத்துல இருந்து கால் வரைக்கும் ஒரே பீஸா, மூணு மடிப்பு வெச்சுத் தைக்கச் சொன்னேன்.

"எண்ணே, இது என்னத்துக்கு? கோயில் கொடையில கரடி வேசம் போடுதியளா?"

"போருக்குங்க."

"போருக்குப் போறவிய பனியன் துணியிலயா போவாவ? ஊசி போற துணில்லா இது. நெய்த துணி எடுங்கண்ணே. சோமனூர் காடா ரெண்டு மடிப்பு போட்டாப் போதும், ஒண்ணும் நுழையாது."

எனக்கு ரோசம் வந்துருச்சு. "ஏனுங்க, திருப்பூர்க்காரன் தறித்துணியப் போட்டுக்கிட்டு சண்டைக்குப் போறதா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேரு ஒண்ணும் சொல்ல மாட்டாவ. உங்களை அடையாளம் தெரிஞ்சாத்தானே."

அவங்க சொன்னது சரிதான். பனியன் துணி கண்ணி கண்ணியாப் பின்னினது, இழுத்தா கண்ணி விரியும். என்ற தொப்பை இழுக்கற இழுப்புக்கு ஒவ்வொரு கண்ணியும் கதவைத் தொறந்து வெச்ச மாதிரி. கருப்பு, கருநீலம், மயிரு மாதிரி இருக்கற துணி, இது மூணும் தேனீ கண்ணுக்குக் கரடி. தேனை மொத மொதல்ல திருடினவன் கரடிதானே, அந்தக் கோவம் அதுகளுக்கு இன்னும் போகலை. அந்த ஒரு விசயத்துல அதுகளும் நானும் ஒரே ஜாதி.

தலைக்கு ஒரு பிளாஸ்டிக் கூடையக் கவுத்து, அதுக்கு மேல மெஷ் துணி. மச்சினன் தோப்புல மருந்தடிக்கற ஸ்ப்ரேயர், உள்ள சோப்புத் தண்ணி. எல்லாம் ரெடி. பொண்டாட்டிகிட்ட பேங்க்குக்குப் போறேன்னு சொல்லிட்டு ஷெட்டுக்குப் போயி கவசத்தை மாட்டினேன். கண்ணாடியில பாத்தா நெஞ்சுல, நடு நெஞ்சுல, ஒரு மெஷின் எண்ணெய்க் கறை.

மத்தவனா இருந்தா கண்டுக்காமப் போயிருப்பான். என்ற கையை விட்டு கறையோட ஒரு பீஸு வெளிய போனதில்லீங்க. சாகப் போனாலும் சுத்தமாப் போகோணும். கன்னை எடுத்தேன். ஃப்ளீஸு நல்லாக் குடிக்கும், அரை பாட்டில் உள்ள போச்சு. கறை போயிருச்சு. பழுத்த வாழைத்தாரு மாதிரி கமகமன்னு கிளம்பினேன்.

மத்தியானம், சாப்பாட்டு நேரம், தெருவுல ஆளில்லை. எதிர்க் கட்டடத்துக்குப் பக்கவாட்டுல இரும்புப் படி உண்டு. தீப்புடிச்சா எறங்கறதுக்குன்னு பையரு கேட்டு வெச்சது. அது வழியா மேல ஏறினேன். ரெண்டாவது மாடி தாண்டி நின்னா கூடு கண்ணுக்கு நேரா இருந்துச்சு. அம்புட்டுப் பக்கத்துல அன்னைக்குத்தான் பாக்கறேன். கருப்புப் போர்வையில மேல இருந்து கீழ வரைக்கும் ஒரு அலை ஓடுது, பளபளன்னு. எல்லாம் ஒரே நேரத்துல வாலைத் தூக்கித் தூக்கி எறக்குதுங்க. என்னையப் பாத்துப் பயந்து நடுங்கறாங்கன்னு நெனச்சேன். எனக்கு ரொம்ப சந்தோசம். "இப்பத் தெரியுதா யாருன்னு?"ன்னு வாய் விட்டே கேட்டேன்.

அது நடுக்கமில்லீங்க. கிட்ட வராதேன்னு சொல்ற பாஷை. அப்பவே மெதுவாப் பின்னால போயிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. நான் ஸ்ப்ரேயர் கைப்புடியக்கூட அமுக்கலை. மொதல்ல வந்தது நேரா நடு நெஞ்சுல, கறை இருந்த அதே எடத்துல உக்காந்துச்சு. அப்பறம் போர்வை கழண்டு என்ற மேல விழுந்துச்சு.

ஃப்ளீஸ்ல அதுக காலு மாட்டிக்குது, மாட்டினா கோவம் வருது, கோவம் வந்தா கொட்டுது. மூணு மடிப்பும் தொப்பை மேல ஒரு மடிப்பாயிருச்சு. ஸ்ப்ரேயரைப் போட்டுட்டு படியில எறங்கறேன், கூடை தலையில கோணிக்கிச்சு, ஒரு கண்ணுதான் தெரியுது. அந்த ஒரு கண்ணுல தெரிஞ்சது என்ற ஊட்டு கேட்டு. கேட்டுக்கு வெளிய என்ற பொண்டாட்டி.

சத்தம் கேட்டு வந்துட்டா. ரெண்டு கையையும் நீட்டி, "இங்க வாங்க! ஊட்டுக்குள்ள வந்துருங்க!"ன்னு கத்தறா.

கால் தன்னால அக்கட்ட திரும்புச்சு. இருபத்தஞ்சு வருசமா அந்தக் குரல் கூப்பிட்டா அந்தப் பக்கம் போயே பழகின காலு. படி முடிஞ்சுருச்சு, நாலு எட்டு வெச்சா ஊடு. போன தடவை அப்பிடித்தான் போனேன். போயி அத்தனையும் அவகிட்டக் கொண்டுபோய்ச் சேத்தேன்.

"உள்ள போ! கதவைச் சாத்து!"ன்னு கத்தினேன். கூடைக்குள்ள இருந்து அது எப்பிடிக் கேட்டுச்சோ தெரியலை. அவ அசையலை. அதனால நான் திரும்பி, எறங்கின படியிலயே மேல ஏறினேன். என்ற மேல இருக்கறதும் என்னையத் தொரத்தறதும் எல்லாம் என்னோடயே மேல வந்துச்சு. அதுதான் எனக்கு வேணும். பெருந்தேனீ உட்டா அரைக் கிலோமீட்டர்கூடத் தொரத்தும், தண்ணியில குதிச்சா மேல நின்னு காத்துக்கிட்டு இருக்கும். கதவு இருக்கற எடந்தான் தப்பிக்கற வழி. ரெண்டாவது மாடி எமர்ஜென்சி கதவு சாத்தித்தான் இருக்கோணும், ஆனா காத்து வரட்டும்னு யாரோ நூல் கோன் பெட்டிய முட்டுக் குடுத்துத் தொறந்து வெச்சிருந்தாங்க. உள்ள புகுந்தேன், பெட்டிய ஒதைச்சேன், கதவு சாத்திக்கிச்சு. கூட வந்த நூறோ எரநூறோ மட்டும் என்னோட உள்ள. எதுத்தாப்பல இருந்த கதவைத் தள்ளினேன்.

ஓனரோட கேபின். ஏசி. அவரு போன்ல, "யெஸ் சார், யெஸ் சார், ஷிப்மெண்ட் நோ ப்ராப்ளம் சார்"ன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு.

சத்தியமா நான் இதைத் திட்டம் போடலீங்க. ஆனா வருசக்கணக்கா உக்காந்து திட்டம் போட்டிருந்தாலும் இவ்வளவு அழகா வந்திருக்காது.

"ஏனுங்ணா," மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னேன், "லட்சுமியக் கூட்டிக்கிட்டு வந்திருக்கறனுங்."

மொதல்ல அவருக்கு கரடி பேசற அதிர்ச்சி. அப்பறம் காதுல ஒண்ணு. நான் செஞ்ச தப்பையே அவரும் செஞ்சாரு, பளார்னு அடிச்சாரு. அப்பறம் நெத்தியில, திருநீத்து மேல. "ஐயோ அம்மா!"ன்னு எந்திரிச்சு பாத்ரூமுக்கு ஓடினாரு. நானும் ஓடினேன். ரெண்டு பேரும் உள்ள போயிக் கதவைச் சாத்தினோம். கவசத்தை கழட்டி ஜன்னல் வழியா வெளிய எறிஞ்சேன், ஒட்டிக்கிட்டு இருந்ததெல்லாம் அதோடயே போச்சு. ஒரு பெரிய மனுசன் பாத்ரூம்ல ஜட்டியோட நிக்கறேன். அவரு கமோடு மேல உக்காந்து காதைப் புடிச்சுக்கிட்டு இருக்காரு. வெளிய கதவுல சடசடன்னு மோதுது.

"ஏனுங்க தம்பி," அந்த நெலமையிலயும் மரியாதை போகலை, "வாழைப்பழம் கிழைப்பழம் தின்னுட்டு வந்தீங்களா? இந்த வாசம் அடிக்குது?"

"அது என்ற லிக்விடுங்ணா."

"இல்லீங்க, இங்க." கொட்டின காதைத் தொட்டு விரலை மோந்து பாத்தாரு. "இங்கயும் அதே வாசமுங்க."

எனக்கு அப்பதான் பொண்டாட்டி சொன்னது காதுல விழுந்துச்சு, ஒரு மாசம் கழிச்சு. ஒரு தேனீ கொட்டினா அந்த எடத்துல ஒரு வாசத்தை உடும். இவன்தான், எல்லாரும் வாங்கன்னு கூப்பிடற வாசம். அது பழுத்த வாழைப்பழ வாசம். பூஜை பண்ணின பத்துப் பேரை விட்டுட்டு என்னைய ஏன் புடிச்சாங்கன்னு அந்தக் கமோடு பக்கத்துல நிக்கறப்போதான் எனக்கு வெளிச்சமாச்சு. நான் வாய் வார்த்தை எதுவும் உடலை. வாசம் உட்டிருக்கேன். வருசம் பூரா அழைப்பிதழைப் பூசிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

ஜட்டிக்குள்ள சொருகியிருந்த போன் அடிச்சுச்சு. அவதான்.

"எங்க இருக்கீங்க?"

"எதிரி பாத்ரூம்ல. நீ?"

"கதவைச் சாத்திட்டு உள்ள இருக்கேன். ஒண்ணு மெஷ்ஷுல வந்து உக்காந்திருக்குதுங்க. என்னையவே பாக்குது."

"அடிக்காத. துண்டு வீசாத. அசையாத."

"அசையலை." அவ மூச்சு சத்தம் மட்டும் கேக்குது, சீராத்தான் இருந்துச்சு, விசில் இல்லை. நான் அதையே கேட்டுக்கிட்டு நின்னேன். ஓனரும் காதைப் புடிச்சுக்கிட்டே என்ற மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தாரு. "போயிருச்சுங்க"ன்னா. "கன்னு வாசம் என்ற மேல இல்லையாட்ட இருக்குது."

"நீ அன்னைக்கே சொன்ன."

"ஊட்டுக்கு வாங்க, மிச்சத்தைச் சொல்றேன்."

நான் போனைக் கீழ எறக்கினேன். ஓனரு காதுல இருந்து கையை எடுத்தாரு. அப்பறம் மெதுவா, "தீயணைப்பு நம்பர் உங்ககிட்ட இருக்குங்களா?"ன்னு கேட்டாரு. இருந்துச்சு. ஒரு மாசமா பத்திரமா வெச்சிருந்தேன். ஒவ்வொரு எண்ணா, ரொம்ப மெதுவா சொன்னேன்.

அன்னைக்குப் பொழுது சாஞ்ச பொறகு ஆளுங்க வந்து கூட்டை எடுத்தாங்க. தெருவுல எல்லார்த்தையும் கதவு ஜன்னலைச் சாத்தி, வெளக்கை அணைக்கச் சொன்னாங்க. நான் அதைப் பாக்கலை. நான் ஆஸ்பத்திரில கவுந்து படுத்திருந்தேன். டாக்டரம்மா முதுகுல இருந்து கொடுக்கை ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே, "சீக்கிரம் எடுக்கோணுமுங்க, உள்ள இருக்கற வரைக்கும் விஷம் எறங்கிட்டே இருக்கும்"னு சொன்னாங்க. அப்பறம், "போன தடவை அவங்க, இந்தத் தடவை நீங்க. வீட்ல வேற யாராவது இருக்காங்களா?"ன்னாங்க. டெய்லர் அம்மா பாக்க வந்து, தச்சுக் குடுத்தது அவங்கதான்னு யாருகிட்டயும் சொல்லிரக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுப் போனாங்க.

எதிர்க் கட்டடத்து அண்ணன் ரெண்டு ரூமு தள்ளிப் படுத்திருந்தாரு. எந்திரிச்சு நடக்க முடிஞ்சதும் பொண்டாட்டிகிட்ட ஊட்டுல இருந்து ஒரு சாமான் கொண்டுவரச் சொன்னேன். அவ பையில போட்டுக் கொண்டுவந்தா. அவரு காது போண்டா மாதிரி ஆயிருந்துச்சு. நெத்தி வீங்கிக் கண்ணை மூடிருச்சு. நான் பாட்டிலை அவரு கையில வெச்சேன். அதே ஸ்டிக்கர், பிரிக்கவே இல்லை.

"ஒடம்புக்கு நல்லதுங்ணா."

அவரு ஒத்தைக் கண்ணால பாட்டிலைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. "நன்றிங்க தம்பி"ன்னாரு. அவருக்கும் அதைத் தவிர வேற பேச்சு வராது. பின்னால என்ற பொண்டாட்டி முந்தானையில வாயைப் பொத்திக்கிட்டு நின்னா. என்ற வாழ்க்கையில நான் செஞ்ச வேலையில கறையில்லாத பீஸுன்னா அது ஒண்ணுதான்.

ஆனா அவ என்னைய உடலை. "கொட்டினவளுக்குக் கணக்குத் தீத்தாச்சு. கும்பிட்டவருக்கும் தீத்தாச்சு. கூட்டிட்டு வந்தவருக்கு?" அவ என்னையப் பழி வாங்கறது இன்னைக்கும் நடக்குது. வாசம் இல்லாத வேற லிக்விட மாத்தியாச்சு. இருந்தாலும் சாயங்காலம் நான் நேரா ஊட்டுக்குள்ள வரக் கூடாது. ஷெட்டுக்குப் பக்கத்துல கொழாயில சோப்புப் போட்டுக் குளிச்சு, வெள்ளைத் துணி மாத்தி, கதவுக்கு முன்னால நின்னு குரல் குடுக்கோணும். ஊட்டுல வாழைப்பழம் வாங்கறதே இல்லை.

இந்த வருசம் பங்குனி வந்துச்சு, வேப்பம்பூ உதுந்துச்சு. எதிர்க் கட்டடத்து சன்ஷேடுக்கு அடியில இப்ப வலை அடிச்சிருக்காரு. போன வாரம் நான் குளிச்சுட்டு வெள்ளை வேட்டியோட நிக்கறேன், ஒண்ணே ஒண்ணு, பெருசு, வேவு பாக்க வந்த மாதிரி வலையச் சுத்திச் சுத்தி வந்துச்சு. எனக்கு ரத்தம் கொதிச்சுச்சு. கையில காலி கன்னு இருந்துச்சு, கழுவி வெக்க எடுத்தது. தூக்கிக் குறி பாத்தேன்.

மெஷ்ஷுக்கு உள்ள இருந்து குரல்: "ஏனுங்க, குளிச்சாச்சா?"

"குளிச்சாச்சு."

"அப்ப அந்தத் துப்பாக்கியக் கீழ வெச்சுட்டு, சத்தமில்லாம மெதுவா வாங்க. தொறக்கறேன்."

கீழ வெச்சேன். அது இன்னும் சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. அதோட மூஞ்சிய நல்லாப் பாத்து வெச்சுக்கிட்டேன். கதவு ஒரு ஆள் நுழையற அளவுக்கு மட்டும் தொறந்துச்சு. நான் தொப்பையை உள்ள இழுத்துக்கிட்டு நுழைஞ்சேன், அவ சாத்தினா. சாத்தினதும் என்ற தோளுக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுவந்து ஒரு தடவை மோந்து பாத்தா.

"ம். சோறு போடறேன், உக்காருங்க"ன்னா.